எல் சோலோவில் சாப்பிட்டுவிட்டு "இது மெக்சிகோ சாப்பாடே இல்லை" என்று சொல்பவர்களுக்கு

லாஸ் ஏஞ்சலிஸ் வெஸ்டர்ன் அவென்யூவில் இருக்கும் எல் சோலோ என்ற பழைய மெக்சிகன் உணவகத்தைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் இரண்டில் ஒன்றுதான் பதிலாக வருகிறது. "எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அங்கேதான் பிறந்தநாள். என்சிலாடா (சோள ரொட்டியைச் சுருட்டி, சாறும் சீஸும் ஊற்றிச் சுட்டது) என்றால் அதுதான்" என்பது ஒன்று. "சீஸைக் கொட்டி மூடி வைத்திருக்கிறார்கள், காரமே கிடையாது, மார்கரிட்டா மது குடிக்க வேண்டுமானால் போகலாம், இதெல்லாம் மெக்சிகோ சாப்பாடே இல்லை" என்பது இன்னொன்று. போன வாரம் நம் நண்பர்கள் சிலர் போய் வந்த பிறகு நமக்குள்ளேயும் அதே சண்டை. பாதிப் பேர் புகழ்கிறார்கள், பாதிப் பேர் திட்டுகிறார்கள்.

காரம் போதவில்லை என்று சொல்லுங்கள், சரி. விலை அதிகம் என்று சொல்லுங்கள், அதுவும் சரி. உங்கள் நாக்கு, உங்கள் காசு. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. சோனோராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் தொடங்கி, பேரன் காலம் வரை கொண்டுவந்த சமையலைப் பார்த்து, இந்த ஊருக்கு நேற்று வந்த நாம் "போலி" என்று முத்திரை குத்துவது அநியாயம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

1923இல் அலெஹாண்ட்ரோ போர்க்கெஸ், ரோசா என்ற தம்பதி கொலிசியம் மைதானத்துக்குப் பக்கத்தில் சோனோரா கஃபே என்ற பெயரில் ஆரம்பித்ததுதான் இந்தக் கடை. எல் சோலோ என்ற பெயர் அதற்கப்புறம் வந்தது. அவர்களுடைய மகளும் மருமகன் ஜார்ஜ் சாலிஸ்பரியும் வெஸ்டர்ன் அவென்யூவுக்குக் கொண்டுவந்தார்கள். 1931 முதல் இப்போதுள்ள இடத்திலேயே நடக்கிறது. முதலில் அது ஒரு சின்ன வீடு. பிறகு அங்கொரு அறை இங்கொரு அறை என்று நீட்டிக்கொண்டே போனார்கள். உள்ளே போனால் இன்றைக்கும் ஒரு வீட்டுக்குள் சுற்றுவது போலத்தான் இருக்கும். பேரன் ரான் சாலிஸ்பரி காலத்தில் கடை பெரிதாகி, கிளைகளும் வந்தன. 2023இல் நூறு வயது முடிந்தது.

மெனு அட்டையைக் கவனித்தீர்களா? பல பதார்த்தங்களுக்குப் பக்கத்தில் ஒரு வருடம் போட்டிருப்பார்கள், அது எப்போது மெனுவில் சேர்ந்தது என்று. என்சிலாடாவுக்கு 1923. நாச்சோஸுக்கு, அதாவது பொரித்த சோள ரொட்டித் துண்டுகள் மேல் சீஸ் போட்டதற்கு, 1959. சான் அன்டோனியோவிலிருந்து வந்து இங்கே பரிமாறும் வேலைக்குச் சேர்ந்த கார்மென் ரோச்சா என்ற அம்மாள்தான் நாச்சோஸை இந்தக் கடைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கும் மெனுவில் அது அவர் பெயரில்தான் இருக்கிறது. பரிமாற வந்த ஒரு பெண்ணின் பெயரை இத்தனை காலம் மெனுவில் வைத்திருக்கும் கடை எனக்குத் தெரிந்து வேறில்லை. இதற்காகவே எனக்கு அந்த இடத்தின் மேல் ஒரு மரியாதை உண்டு.

இப்போது "இது மெக்சிகோவா" என்ற கேள்விக்கு வருவோம். கடையின் முதல் பெயரிலேயே இருக்கும் சோனோரா, மெக்சிகோவின் வடமேற்கு மாநிலம். அரிசோனா எல்லை. வறண்ட பூமி, கோதுமை விளையும், மாடு மேயும். அதனால்தான் அங்கே சோள டார்ட்டியாவுக்கு (மெல்லிய ரொட்டி) இணையாகக் கோதுமை டார்ட்டியா நிற்கிறது. மாட்டிறைச்சியும் பாலாடைக்கட்டியும் தாராளம். காய்ந்த சிவப்பு மிளகாயை ஊறவைத்து அரைத்துச் செய்யும் சாறுக்கு நிறம் ஆழமாக இருக்கும், உறைப்பு மிதமாகவே இருக்கும். கலிஃபோர்னியா வந்த பிறகு அதோடு உள்ளூர்ப் பொருள்கள் சேர்ந்தன. 1890களில் எமிலியோ ஒர்டேகா நியூ மெக்சிகோவிலிருந்து விதை கொண்டுவந்து வென்ச்சுரா பக்கம் பயிரிட்ட நீளமான பச்சை மிளகாய் இருக்கிறதே, பிறகு அனஹைம் மிளகாய் என்று பெயர் வாங்கியது, அதற்கும் உறைப்பு குறைவு. ஆக, "காரமே இல்லை" என்பதை அமெரிக்கர்களுக்காகத் தண்ணீர் ஊற்றிய சமையல் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தச் சாறுக்குப் போடும் மிளகாயே அப்படி.

மஞ்சள் சீஸும் அப்படித்தான். 1920களில் சோனோராக்காரர் ஒருவர் லாஸ் ஏஞ்சலிஸில் கடை போட்டால் கிடைத்ததை வைத்துத்தானே சமைப்பார்? செடார் கிடைத்தது, போட்டார். அதைச் சாப்பிட்டு வளர்ந்த மெக்சிகன் குழந்தைகளுக்கு அதுதான் வீட்டுச் சுவை. அவர்கள் பிள்ளைகளுக்கும் அதுதான். மூன்று தலைமுறை சாப்பிட்ட பிறகும் ஒரு சாப்பாடு அந்த மக்களுடையது ஆகாது என்றால், வேறு எப்போதுதான் ஆகும்? இன்னொன்றும் உண்டு. 1848 வரை கலிஃபோர்னியாவே மெக்சிகோவாகத்தான் இருந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததால் இங்கே விளைந்த சமையல் எல்லாம் அந்நியமாகிவிடாது.

சரி, இந்தக் குற்றச்சாட்டு எங்கிருந்து வருகிறது? எனக்குத் தெரிந்து பெரும்பாலும் அதே பேட்டையிலிருந்துதான். எல் சோலோ இருக்கும் கொரியா டவுன் பகுதியில், மெக்சிகோவின் தெற்கே இருக்கும் வஹாக்கா மாநிலத்து மக்கள் ஏராளம். அங்கே ஒலிம்பிக் பவுலவார்டில் கெலகெட்சா என்ற உணவகம். 1994இல் வஹாக்காவிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஆரம்பித்தது. 2015இல், அமெரிக்க உணவு உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கியது. அங்கே கிடைக்கும் கறுப்பு மோலே என்ற குழம்பு பல மிளகாய்களை வறுத்து, கொட்டைகள், மசாலா, சாக்லேட் எல்லாம் சேர்த்து அரைத்துச் செய்வது. முதல் வாய் இனிப்பு, அப்புறம் கசப்பு, கடைசியில் புகை வாசம். மொறமொறப்பான பெரிய டார்ட்டியா மேல் பீன்ஸும் வெள்ளைச் சீஸும் பரப்பி வரும் ட்லயூடாவும் அபாரம். அந்த ஊரில் நான் யாரை அழைத்துப் போனாலும் கெலகெட்சாவுக்குக் கட்டாயம் கூட்டிப் போவேன். அதைச் சாப்பிட்டவர்கள் மறுவாரம் எல் சோலோ போய், "ஐயோ, அந்த ஆழம் இதில் இல்லையே" என்கிறார்கள்.

இருக்காதுதான். சோனோராவின் தலைநகர் எர்மோசியோவிலிருந்து வஹாக்கா நகரத்துக்குச் சாலை வழியில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். மண் வேறு, மழை வேறு, மக்கள் வேறு. ஈரோட்டுக்காரர் கடையில் போய் உட்கார்ந்து திருநெல்வேலி சொதி ஏன் இல்லை என்று கோபித்துக்கொள்வோமா? நம் ஊரில் இந்த வேற்றுமை எல்லாம் நமக்கு அத்துப்படி. அடுத்தவர் நாட்டுக்கு மட்டும் ஒரே சமையல், அதில் ஒன்றுதான் அசல் என்று எப்படி முடிவு கட்டுகிறோம் என்பது எனக்குப் புரியவில்லை.

இன்னொரு கேலி, "இது டாகோ பெல் மாதிரி இருக்கிறது", அதாவது அந்தப் பெயருள்ள துரித உணவுக் கடைத்தொடர் மாதிரி. இது கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும், காரணம் நடந்தது நேர் எதிர். லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே சான் பெர்னார்டினோவில், பழைய ரூட் 66 சாலையில், மிட்லா கஃபே என்று ஒரு கடை. 1937இல் லூசியா ரொட்ரிகஸ் ஆரம்பித்தது, இன்றைக்கும் குடும்பத்தார் கையில்தான் இருக்கிறது. பொரித்த மொறமொறு ஓட்டில் இறைச்சி, லெட்டூஸ், தக்காளி, மஞ்சள் சீஸ் வைத்த டாகோவுக்குக் கூட்டம் அள்ளும். சாலைக்கு எதிர்ப்பக்கம் ஹாட் டாக், ஹாம்பர்கர் விற்றுக்கொண்டிருந்தவர் கிளென் பெல். அவர் அங்கே சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் அந்த டாகோவைச் செய்யக் கற்றுக்கொண்டார். 1962இல் டௌனியில் முதல் டாகோ பெல்லைத் திறந்தார். மிச்சம் உலகத்துக்கே தெரியும். மூலத்தைப் பார்த்து நகல் என்று சொல்வதைவிடப் பெரிய அவமதிப்பு அந்தச் சமையல்காரர்களுக்கு வேறென்ன இருக்க முடியும்?

மிட்லா போன்ற கடைகளுக்குச் சாப்பாட்டைத் தாண்டியும் ஒரு வரலாறு உண்டு. சான் பெர்னார்டினோவில் நகராட்சி நீச்சல் குளத்தில் மெக்சிகன் குழந்தைகளைச் சேர்க்க மாட்டார்கள். அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 1944இல் ஜெயித்தது. அந்தப் போராட்டத்தை நடத்தியவர்கள் கூடிப் பேசிய இடங்களில் மிட்லாவும் ஒன்று. வேறெங்கும் உட்கார இடம் கொடுக்காத காலத்தில் உட்கார இடம் கொடுத்த மேசைகள் அவை. அங்கே வந்த அதே தட்டைத்தான் இன்றைக்கு நாம் "சீஸ் மலை" என்று ஒதுக்கித் தள்ளுகிறோம்.

இனி எல் சோலோ தட்டுக்கே வருகிறேன், குறை சொல்பவர்களில் பலர் அதை உண்ணும் விதத்திலேயே தவறவிடுகிறார்கள் என்பது என் கருத்து. என்சிலாடா தட்டு அடுப்பிலிருந்து நேராக வரும். பரிமாறுபவர் துணியால் பிடித்துக்கொண்டு வந்து, "தட்டு சூடு, தொடாதீர்கள்" என்று சொல்லித்தான் வைப்பார். ஓரத்தில் சிவப்புச் சாறு இன்னும் குமிழ் விட்டுக்கொண்டிருக்கும். சீஸ் நடுவில் இளகி, விளிம்பில் லேசாகப் பொன்னிறமாகி ஒட்டியிருக்கும். முட்கரண்டியால் சுரண்டினால் அந்த ஓரம்தான் தட்டிலேயே ருசியான இடம். பீன்ஸை என்சிலாடாச் சாறு தொட்டு நனைத்திருக்கும். அந்த இடத்தில் இரண்டையும் சேர்த்து எடுத்து, கோதுமை டார்ட்டியாவில் வைத்துச் சாப்பிட வேண்டும். இது முதல் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் முடிகிற விஷயம். செடார் ஆறினால் கொழுப்பு பிரிந்து மேலே வந்துவிடும், கீழே ரப்பர் மாதிரி இறுகிவிடும். நம் ஆட்கள் முதலில் தட்டைப் படம் எடுப்பார்கள், அப்புறம் எல்லோருக்கும் வரட்டும் என்று மரியாதையாகக் காத்திருப்பார்கள், அப்புறம் ஊர்க்கதை. கடைசியில் "எண்ணெய் வழிகிறது, இழுத்தால் வரவில்லை" என்று சொல்வார்கள். வீட்டுக்கு வரவழைத்துச் சாப்பிட்டவர்கள் நிலைமை இன்னும் மோசம். மூடிய டப்பாவுக்குள் அரை மணி நேரம் ஆவியில் கிடந்த என்சிலாடாவை வைத்து ஒரு சமையலறைக்கு மதிப்பெண் போடாதீர்கள். அந்தச் சாப்பாடு பயணத்துக்கு ஏற்றதே இல்லை.

பச்சைச் சோள டாமலேயும் அப்படித்தான் ஊரை இரண்டாக்குகிறது. இளஞ்சோளத்தைக் கதிரிலிருந்து சீவி எடுத்து, சோள மாவோடு சேர்த்து, நடுவில் சீஸும் பச்சை மிளகாயும் வைத்து, சோளத் தோகையிலேயே சுற்றி ஆவியில் வேகவைப்பது. மே முதல் அக்டோபர் வரைதான் கிடைக்கும். தோகையைப் பிரித்ததும் வருகிற வாசனைக்காகவே நான் கோடை வரட்டும் என்று காத்திருப்பேன். அது இனிப்பாக இருக்கும், சோளத்தின் சொந்த இனிப்பு. கறி வைத்த சிவப்பு டாமலேயை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துபோய் "இனிப்புப் பலகாரம் மாதிரி இருக்கிறது" என்று எழுதுகிறார்கள். அவர்கள் ஏமாந்தது உண்மை. ஆனால் கடை ஏமாற்றவில்லை.

விலைப் புகாரில் நியாயம் இருக்கிறது. நான்கு பேர் குடும்பம் போய்ப் பானத்தோடு சாப்பிட்டு, டிப்ஸும் வைத்துவிட்டு வந்தால் மாத பட்ஜெட்டில் தெரியும். அதேசமயம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் 2025 ஜூலையில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.87 டாலராக உயர்ந்தது. டிப்ஸ் வருகிறதே என்று கலிஃபோர்னியாவில் அதைக் குறைத்துக் கொடுக்கவும் முடியாது. அது சரியான சட்டம்தான், அந்தக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். தெருவோர டாகோ வண்டியின் விலையைக் கொண்டுவந்து இங்கே பக்கத்தில் வைப்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. வண்டியில் நின்றுகொண்டு சாப்பிடுகிறோம். இங்கே இரண்டு மணி நேரம் மேசையைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறோம்.

பழைய வாடிக்கையாளர்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. நான் இருக்கும் பக்கத்தில் வேறொரு பழைய மெக்சிகன் கடை, பெயர் வேண்டாம். ஒரு நாள் சோறு ஆறிப் போய், பீன்ஸ் மேலே தோல் கட்டிப் போய் வந்தது. பரிமாறிய அம்மாளிடம் சொன்னேன், அவர் ஒன்றும் பேசாமல் எடுத்துப் போய்ச் சூடாகக் கொண்டுவந்து வைத்தார். அங்கே பிரச்சினை முடிந்தது. ஆனால் பக்கத்து மேசைக்காரர், இருபது வருடமாக வருகிறவராம், "இங்கே அப்படித்தான் இருக்கும், எங்களுக்குப் பழக்கம், பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போங்கள்" என்றார். இந்தப் பாசம் கடைக்கு நல்லதே செய்யாது. பழக்கத்துக்கு வருகிறவர்கள் வாய் திறக்கமாட்டார்கள், புதிதாக வந்தவர்கள் மறுபடி வரமாட்டார்கள். சமையலறைக்கு விஷயம் எப்படித்தான் தெரியும்? கடை மேல் உண்மையான அக்கறை இருப்பவர் முதலில் அந்தத் தட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அதனால் நண்பர்களே, எல் சோலோ பற்றி எழுதுங்கள், தாராளமாகக் குறையும் சொல்லுங்கள். அன்றைக்கு வந்த சாறு எப்படி இருந்தது, டார்ட்டியா சூடாக வந்ததா, எவ்வளவு நேரம் காக்கவைத்தார்கள், கேட்டதற்கு என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதுங்கள். மெக்சிகோவா இல்லையா என்ற தீர்ப்பை மட்டும் விட்டுவிடுங்கள். அதைச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

கடைசியாக, நம்மில் சைவம் சாப்பிடுபவர்களுக்கு. இந்த மாதிரிப் பழைய மெக்சிகன் கடைகள் எதற்குப் போனாலும் ஆர்டர் கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு உண்டா, ஸ்பானிஷில் மான்டேக்கா என்று கேட்டால் உடனே புரியும். அப்புறம், சோறு கோழிச் சாற்றில் வேகவைத்ததா. பழைய முறையில் இரண்டுமே சகஜம், கடைக்குக் கடை மாறும், மெனுவில் எழுதியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சீஸ் என்சிலாடா சொல்வதாக இருந்தால் மேலே ஊற்றும் சாறு எதில் செய்தது என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். பச்சைச் சோள டாமலே வேண்டுமென்றால் அக்டோபர் முடிவதற்குள் போய்விடுங்கள். வார இறுதி மாலையில் கூட்டம் தாங்காது, மத்தியானம் போனால் நல்லது.