“சும்மா ஒரு ஒய்டிடி போட்டுடுங்க”

இந்த வாக்கியத்தில் எனக்கு ஆகாத சொல் ‘சும்மா’. நிறுவனத்தின் எண்களை ஒரே திரையில் காட்டும் டேஷ்போர்டு முடிந்து, நிறம், எழுத்தளவு வரை எல்லாவற்றுக்கும் ஒப்புதல் வாங்கி, நான் கிளம்பும் நேரம் பார்த்து மேலாளர் வருவார். “எல்லாம் நல்லா இருக்குங்க. ஓரமா சும்மா ஒரு ஒய்டிடி மட்டும் போட்டுடுங்க. போன வருஷத்தோட ஒப்பிட்டு ஒரு சதவீதம். அவ்ளோதான்.”

அவ்ளோதானாம்! ஒய்டிடி என்றால் ‘இயர் டு டேட்’. ஆண்டுத் தொடக்கத்திலிருந்து இன்று வரை கூட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பு. எந்த ஆண்டு? எந்த ‘இன்று’? கேட்டால் பதில் வராது. வேலை செய்யச் சோம்பல்படுகிறவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வைதான் வரும்.

விற்பனைப் பிரிவுக்கு ஆண்டு ஜனவரியில் பிறக்கிறது, கணக்குப் பிரிவுக்கு ஏப்ரலில். டேஷ்போர்டு செய்யும் மென்பொருளான பவர் பிஐயில் டோட்டல்ஒய்டிடி என்ற ஃபார்முலாவை எழுதினால், நாம் வேறு தேதி சொல்லாதவரை அது டிசம்பர் 31-இல் ஆண்டை முடித்துவிடும். மார்ச் 31 வேண்டுமானால் அதை ஃபார்முலாவுக்குள்ளேயே கையால் எழுத வேண்டும். ஸ்லைசரில், அதாவது ஆண்டு, மாதம் என்று தேர்ந்தெடுக்கும் பெட்டியில், ஒருவர் தேர்ந்தெடுப்பதைக் கொண்டுபோய் அந்த இடத்தில் செருக முடியாது. ஆக, பிரிவுக்கு ஒரு மெஷர் (கணக்கிடும் ஃபார்முலா). ஒவ்வொன்றுக்கும் போன ஆண்டுக்கு ஒரு ஜோடி, பட்ஜெட்டுக்கு இன்னொரு ஜோடி. சில மாதம் கழித்து யாரோ அவசரத்தில் ஜனவரி மெஷரைத் தூக்கிக் கணக்குப் பிரிவின் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். அது ஒரு எச்சரிக்கையும் காட்டாது. அழகாக, கமா எல்லாம் போட்டு, நம்பும்படியான ஒரு எண்ணைத்தான் காட்டும்.

என் வயிற்றெரிச்சலே இதுதான். ஃபார்முலாவில் அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனால் கத்துகிற அதே மென்பொருள், கேள்வியே தப்பாக இருக்கும்போது வாயைத் திறப்பதில்லை. அதைக் குறை சொல்லவும் முடியாது. கேட்டதற்குத்தான் பதில் சொல்கிறது.

போன ஆண்டு ஒப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 100 என்று சீராக விற்கும் ஒரு பொருள். ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, ஜூலை வரை தரவு இருக்கிறது. இந்த ஆண்டு 700, போன ஆண்டு இதே காலத்தில் 700. வளர்ச்சி பூஜ்யம், சரியா? ஆனால் ஸ்லைசரில் ஆண்டை மட்டும் தேர்ந்தெடுத்தால் ஒய்டிடி டிசம்பர் 31 வரை போகும். இந்த ஆண்டின் மீதி மாதங்களில் தரவு இல்லாததால் 700-லேயே நிற்கும். போன ஆண்டுக்கோ முழு 1,200-ம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒற்றை எண்ணைக் காட்டும் கார்டில் கொட்டை எழுத்தில், சிவப்பில், 41.7 சதவீத வீழ்ச்சி! அதைப் பார்த்து ஒரு மீட்டிங், அந்த மீட்டிங்குக்கு முன்தயாரிப்பாக இன்னொரு மீட்டிங். வரைபடத்திலோ இந்த ஆண்டின் கோடு ஜூலைக்குப் பிறகு டிசம்பர் வரை தட்டையாகப் படுத்துக் கிடக்கும். “ஏன் விற்பனை நின்னுபோச்சு?” என்று என்னைக் கேட்டார்கள். ஐயா, அந்த மாதங்கள் இன்னும் பிறக்கவே இல்லை!

சரி, போன ஆண்டையும் இன்றைய தேதியோடு வெட்டிவிடலாம் என்றால், இன்று 15-ஆம் தேதி, தரவு வந்திருப்பதோ 12 வரைக்கும். போன ஆண்டுக்கு மூன்று நாள் இனாம். அது போதாதென்று, டுடே என்று எழுதினால் என் கணினியில் உள்ளூர்த் தேதி, இணையத்தில் இருக்கும் பவர் பிஐ சர்வீஸில் ஏற்றியபின் யுடிசி தேதி, அதாவது கிரீன்விச் நேரப்படியான தேதி. கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருக்கிறவர் காலையில் சீக்கிரம் திறந்து பார்த்தால், அங்கே இன்னும் நேற்றுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

எனவே கடைசி விற்பனைத் தேதியைக் கண்டுபிடித்து, போன ஆண்டையும் அதே நாளில் வெட்டினேன். இரண்டு வாரம் நிம்மதி. அப்புறம் யாரோ ஒரு ஆர்டரில் 2025 என்று அடிக்க வேண்டியதை 2052 என்று அடித்துவிட்டார்கள். கடைசித் தேதி 27 ஆண்டு முன்னோக்கிப் பாய்ந்தது, வெட்டு காணாமல் போனது, சிவப்புக் கார்டு திரும்பி வந்தது. தேதிகளின் பட்டியலான டேட் டேபிளை, அதைத் தானாகப் போடும் காலெண்டர்ஆட்டோ ஃபார்முலாவிடம் ஒப்படைத்திருந்த என் புத்தியையும் சொல்ல வேண்டும். மாடலில், அதாவது ஏற்றியிருக்கும் அட்டவணைகளில், இருக்கும் தேதிகளை எல்லாம் பார்த்துத்தான் அது அட்டவணை போடும். ஊழியர் பட்டியலில் உள்ள பிறந்த தேதிகள் ஒரு பக்கம் இழுக்க, இந்த 2052 இன்னொரு பக்கம் இழுக்க, என் ஸ்லைசர் ஒரு நூற்றாண்டுக்கு நீண்டிருந்தது.

இத்தனையும் சரிசெய்தால் அடுத்த சண்டை வாடிக்கையாளர் எண்ணிக்கையில். ஜனவரியில் 50 பேர், பிப்ரவரியில் 50 பேர். இரண்டு மாதமும் வந்தவர்கள் 40 பேர். ஒய்டிடி 60. “கூட்டினா 100 வருதே?” என்று எக்செல்லைத் திறந்து காட்டுகிறார்கள். ஒரே ஆளை இரண்டு முறை எண்ணக் கூடாது என்று விளக்க அரை மணி நேரம். இலாப விகிதத்துக்கு மாத சதவீதங்களைக் கூட்டி மாதங்களால் வகுக்கிறவர்கள், மாதக் கடைசி இருப்பை எல்லாம் கூட்டி ‘ஒய்டிடி ஸ்டாக்’ என்று கேட்கிறவர்கள் எல்லாம் தனி ரகம். 52 வாரக் கணக்கில் ஆண்டு ஓட்டி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை 53-ஆவது வாரத்தைச் சந்திக்கும் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

இப்போதெல்லாம் கார்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டுவிடுகிறேன்: ‘ஜனவரி 1 முதல் ஆகஸ்ட் 12 வரை, போன ஆண்டும் அதே தேதி வரை.’ நேற்று மேலாளர் பார்த்தார். “இந்த வரி எதுக்குங்க, இடத்தை அடைக்குது, எடுத்துடுங்க” என்றார்.

எடுக்கவில்லை. எழுத்தளவை 8-இலிருந்து 10 ஆக்கியிருக்கிறேன்.