டார்மில் காய்ச்சல் பார்த்தவரே மலைக்கும் வரட்டும்

போன வாரம் மட்டும் மூன்று பேர் இன்பாக்ஸில் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். "அக்கா, ஐடி வேலை போதும்னு தோணுது. நீங்க இருந்த மாதிரி மலையில இருக்கிற ஹாஸ்டல் ஸ்கூல்ல சேரலாமா? எப்படி இருக்கும்?" தனித்தனியாகப் பதில் எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அதனால் இங்கேயே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

பழனி மலையில் ஒரு உறைவிடப் பள்ளியில் 2016 முதல் 2022 வரை இருந்தேன். நடுவில் கொரோனாவுக்காக மூடியிருந்த மாதங்களைக் கழித்துக்கொள்ளுங்கள். வேலை உத்தரவில் உயிரியல் ஆசிரியர் என்று இருந்தது. உண்மையில் பார்த்த வேலை என்றால், பகலில் வகுப்பு, சாயங்காலம் விளையாட்டு, இரவில் 14 பெண்பிள்ளைகள் தங்கித் தூங்கும் டார்மின் (டார்மிட்டரியின்) பொறுப்பு. அப்புறம் ஒவ்வொரு டெர்மிலும் இரண்டு தடவை பிள்ளைகளோடு மூன்று நாள், நான்கு நாள் மலைநடை. ஆசிரியர்களை அக்கா, அண்ணா என்றுதான் பிள்ளைகள் கூப்பிடுவார்கள். "காட்டுல புள்ளைகள இழுத்துக்கிட்டு அலையறதுக்கா எம்.எஸ்ஸி. படிச்ச?" என்று அம்மா முதல் வருடம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கேட்கிற எல்லோருக்கும் மனசில் இருப்பது மலைநடைதான். பனி, கூடாரம், தோளில் பையோடு வரிசையாக ஏறும் பிள்ளைகள். அதெல்லாம் உண்மைதான், நானும் அதைப் பார்த்துத்தான் போனேன். ஆனால் அந்த வேலையின் உயிர் டார்மில் இருக்கிறது என்பது புரிய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஒரு பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்த ஆள்தான் அந்தப் பிள்ளையோடு மலைக்கும் போக வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தால் மிஞ்சுவது சுற்றுலா. இதை நான் ரொம்ப உறுதியாகவே சொல்கிறேன்.

ஏன் என்று ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 2017 நவம்பர், எட்டாம் வகுப்பு. மன்னவனூர் பக்கம் ஒரு விவசாயியின் பட்டா நிலத்தில் அனுமதி வாங்கிக் கூடாரம் போட்டிருந்தோம். மத்தியானத்திலிருந்து மழை விடவே இல்லை. அன்றைக்குச் சமையல் முறை என் டார்ம் பிள்ளை ஒருத்தியின் குழுவுக்கு. பதின்மூன்று வயது. பள்ளிக்கு வந்த முதல் மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் பேசி முடித்ததும் கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். எதையும் யாரிடமும் கேட்க மாட்டாள். சோப்பு தீர்ந்துபோனால் சோப்பு இல்லாமலே நான்கு நாள் குளிப்பாள். யாராவது உதவிக்குக் கை நீட்டிவிட்டால் உடனே "நீங்களே பண்ணிடுங்க அக்கா" என்று அந்த வேலையையே விட்டு எழுந்துவிடுவாள்.

அன்றைக்குத் தீப்பெட்டி நமுத்துப்போயிருந்தது. அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு ஒவ்வொரு குச்சியாக உரசினாள். மருந்து உதிர்ந்தது, பற்றவில்லை. நான் மூன்றடி தள்ளி நிற்கிறேன். என் ஜாக்கெட் பையில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய காய்ந்த தீப்பெட்டி இருக்கிறது. கையைப் பைக்குள் விட்டு அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவள் ஸ்வெட்டர் காய்ந்திருந்தது, பேச்சு தெளிவாக இருந்தது, கை நடுங்கவில்லை. அதனால் காத்திருக்கலாம். ஒன்பதாவது குச்சியும் போன பிறகு எழுந்தாள். மழையிலேயே அடுத்த கூடாரத்துக்கு நடந்து போய் ஜிப்பைத் தட்டி, "உங்ககிட்ட காஞ்ச தீப்பெட்டி இருக்கா?" என்று கேட்டாள்.

இவ்வளவுதான் நடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் அவள் வாயிலிருந்து அந்த ஒரு கேள்வி வர ஐந்து மாதம் ஆகியிருக்கிறது என்பது டார்மில் அவளோடு இருந்த எனக்குத் தெரியும். வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர் என் இடத்தில் நின்றிருந்தால் இரண்டாவது குச்சியிலேயே அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்திருப்பார். அவர் மேல் தப்பே கிடையாது. மழையில் ஒரு குழந்தை சிரமப்படுவதைப் பார்த்தால் நல்ல மனுஷன் அதைத்தான் செய்வான். உப்புமா அன்றைக்கு அடிப்பிடித்திருந்தது. அந்தத் தீய்ந்த வாசனையோடு எல்லோரும் வழித்துச் சாப்பிட்டோம்.

காத்திருப்பதைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். எப்போது காத்திருக்கக் கூடாது என்று தெரிந்தவர்தான் காத்திருக்கலாம். இன்னொரு நடையில் ஒரு பையன் பருத்தி பனியன் நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடக்க வந்துகொண்டிருந்தான். முதலில் நடுங்கினான். அப்புறம் கால் தடுமாறியது, வார்த்தை குழறியது, நடுக்கம் குறைய ஆரம்பித்தது. பழகாதவர்களுக்கு நடுக்கம் குறைவது நல்ல அறிகுறி மாதிரி தெரியும். உண்மையில் உடம்பு தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் சக்தியை இழக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்திலேயே நடையை நிறுத்தி, ஈரத்துணி முழுவதையும் மாற்றி, தரையின் குளிர் ஏறாமல் அடியில் பாய் போட்டு, இரண்டு ஸ்லீப்பிங் பேக்கில் சுற்றி, விழுங்கும் அளவுக்குத் தெளிந்ததும் சர்க்கரை நிறையப் போட்ட சூடான டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். காட்டில் முதலுதவி செய்வதற்கென்றே வைல்டர்னஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் என்று கிட்டத்தட்ட 80 மணி நேரப் பயிற்சி இருக்கிறது. அதை முடிக்காத ஒருவர் பொறுப்பில் பிள்ளைகளை மலைக்கு அனுப்பவே கூடாது என்பது என் கருத்து.

இப்போது நகரத்துப் பள்ளிகள் பல 'அவுட்டோர் எஜுகேஷன்' என்று இதை கேம்ப் கம்பெனிகளிடம் ஒப்படைத்துவிடுகின்றன. பஸ் ஏறினால் கயிற்றில் தொங்குவது, பாறை ஏறுவது, இரவில் கேம்ப் ஃபயர், மூன்றாம் நாள் சான்றிதழ். பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் திரும்பி வருகிறார்கள். ஆனால் அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி 1938-லேயே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: அனுபவம் எல்லாம் கல்வி ஆகிவிடாது, சில அனுபவங்கள் மேற்கொண்டு கற்பதைக் கெடுக்கவும் செய்யும். பயந்த பிள்ளையை எல்லோர் முன்னாலும் கயிற்றில் ஏறச்சொல்லி வற்புறுத்துவது அப்படிப்பட்ட அனுபவம்தான். அதற்கப்புறம் பல வருடம் உயரம் என்றாலே அந்தப் பிள்ளை ஒதுங்கிக்கொள்ளும்.

இந்தத் துறையில் எல்லோரும் குர்ட் ஹான் பெயரைச் சொல்வார்கள். ஜெர்மனியில் 1920-ல் சேலம் என்ற பள்ளியைத் தொடங்க உதவி, அதை நடத்தியவர் (நம்ம ஊர் சேலம் இல்லை). யூதர், ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்தார். 1933-ல் கைதாகி, பிறகு பிரிட்டனுக்குப் போய் 1934-ல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். 1941-ல், போர் நடந்துகொண்டிருக்கும்போது, லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் கம்பெனிக்காரரோடு சேர்ந்து வேல்ஸ் கடற்கரையில் அவுட்வேர்ட் பவுண்ட் என்ற பயிற்சிப் பள்ளியை ஆரம்பித்தார். கப்பல் மூழ்கிப் படகில் தத்தளிக்கும்போது வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள், இளைஞர்கள் முதலில் சாகிறார்கள் என்பது ஹோல்ட்டின் கவலை. அதற்காக வந்தது சில வாரப் பயிற்சி. அந்தச் சில வாரம்தான் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் ஹான் அடிப்படையில் ஹாஸ்டல் பள்ளி நடத்திய ஆசிரியர். வருடக்கணக்கில் பிள்ளைகளோடு ஒரே வளாகத்தில் இருந்தவர். அந்தப் பாதியை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. 1901-ல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கிய தாகூரும் மரத்தடி வகுப்புக்காக மட்டும் நினைக்கப்படுகிறார். அங்கே ஆசிரியர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

எங்கள் மலைநடைகளுக்கு வழிகாட்டியாகப் பளியர் பழங்குடியைச் சேர்ந்த ஒரு அண்ணன் வருவார். ஒருநாள் முன்னால் போய்க்கொண்டிருந்தவர் பேச்சில்லாமல் கையை மட்டும் தூக்கினார். பதினாறு பிள்ளைகளும் அப்படியே நின்றார்கள். எங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. மாட்டுத்தொழுவ வாசனை லேசாக வந்தது. ஒரு நிமிடம் உற்றுப் பார்த்த பிறகுதான் சீகை மரங்களுக்கு நடுவில் மூன்று காட்டுமாடுகள் நிற்பது தெரிந்தது. பிள்ளைகளை மெதுவாகப் பின்வாங்கி உட்காரச் சொன்னார். இருபது நிமிடம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது நிமிடம் சத்தமில்லாமல் உட்கார்ந்ததை நான் வகுப்பறையில் பார்த்ததே இல்லை.

2018 பிப்ரவரியில் அவர் புல்லைக் கையில் கசக்கிப் பார்த்துவிட்டு, "மார்ச்சுல வேணாம்மா, ரொம்பக் காஞ்சிருச்சு" என்றார். மார்ச் நடையை ரத்து செய்தோம். ஆசிரியர்களிலேயே சிலருக்கு அதில் வருத்தம். மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ. மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாரம் ஸ்டாஃப் ரூமில் யாரும் அதிகம் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளை அறிவித்தபோது உள்ளூர் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்சி கொடுத்துச் சேர்த்திருந்தார்கள் என்று படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்த அண்ணன்தான். அந்த 2018-லேயே குறிஞ்சியும் பூத்தது. பிள்ளைகளை முதல் சரிவுக்குக் கூட்டிப் போனதும் அவர்தான். இனி 2030-ல்தான்.

அவருக்குப் பள்ளி கொடுத்தது தினக்கூலி. மழைக்கு நடை ரத்தானால் கூலி கிடையாது. வேண்டாம் என்று சொல்வதே அவர் வேலையின் முக்கியமான பாதி. அப்படிச் சொன்னால் அவர் கூலி போய்விடும் என்றால் அது எவ்வளவு ஆபத்தான ஏற்பாடு என்று யோசித்துப் பாருங்கள். இதை ஸ்டாஃப் மீட்டிங்கில் திரும்பத் திரும்பப் பேசி, இரண்டு வருடத்துக்குப் பிறகு மாதச் சம்பளம் ஆனது. காப்பீடு நான் கிளம்பும்வரை வரவில்லை.

சரி, வேலையின் கஷ்டத்துக்கு வருகிறேன். ஒரு டெர்ம் 13 வாரம். வாரம் ஒருநாள் விடுமுறை என்று காகிதத்தில் இருந்தது. ஒரு டெர்மில் எனக்குக் கிடைத்தது நான்கு நாள். ஞாயிறு சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி, பிள்ளைகளின் ஈரத்துணியைக் காயப்போட்டு, கடித்த அட்டையின் காயத்துக்கு மருந்து வைத்துப் படுத்தால், திங்கள் முதல் பீரியட் வகுப்பு. கேட்டால் "இது வேலை இல்லை, வாழ்க்கை முறை" என்பார்கள். அந்த வாக்கியத்தை நானும் நம்பினேன். ஒரு ராத்திரி, நடை முடிந்து வந்த அன்றைக்கு, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வயிற்றுவலியோடு ஒரு மணிக்கு என் கதவைத் தட்டியிருக்கிறாள். எனக்குக் கேட்கவே இல்லை. நாலு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து கதவைத் திறந்தால், போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். "நீங்க தூங்குறீங்கன்னு நெனச்சேன் அக்கா" என்றாள்.

அவளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மறுநாளே டார்முக்கு இரண்டாவது ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வர ஒரு வருடம் ஆனது. நான் சேர்ந்தபோது இருந்த 22 ஆசிரியர்களில், கிளம்பும்போது மிஞ்சியிருந்தவர்கள் 4 பேர். ஒவ்வொருவர் போகும்போதும் எந்தப் பிள்ளைக்கு எப்போது கை கொடுக்கணும், எப்போது கொடுக்கக் கூடாது என்ற விஷயமும் அவரோடு சேர்ந்து மலை இறங்கிவிடும். புதிதாக வருபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இரண்டாவது குச்சியிலேயே அடுப்பைப் பற்றவைத்துவிடுவார்.

இவ்வளவுக்கும் பிறகு சொல்கிறேன், முடிந்தால் போங்கள். எங்கள் மலையில் இருக்கும் பேரிஜம் ஏரித் தண்ணீர் கீழே பெரியகுளத்துக்குக் குடிநீராகப் போகிறது என்று வகுப்பில் சொன்னேன். எங்கள் மெஸ்ஸில் சப்பாத்தி போடும் அக்கா பெரியகுளத்துக்காரர். பிள்ளைகள் ஓடிப்போய் "அக்கா, உங்க வீட்டுக் குழாயில எங்க தண்ணியா வருது?" என்று கேட்டார்கள். அந்த மாதம் ஓடைக்கரையில் பிளாஸ்டிக் பொறுக்க யாரையும் நான் அழைக்க வேண்டியிருக்கவில்லை. இப்படிப்பட்ட நாட்கள் வேறு எந்த வேலையில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்டர்வியூவுக்குப் போனால் சம்பளத்தோடு நிறுத்தாதீர்கள். ஒரு டார்முக்கு எத்தனை பெரியவர்கள், மலைநடை முடிந்த மறுநாள் உங்கள் வகுப்பை யார் எடுப்பார்கள், நடையை ரத்து செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, வழிகாட்டிக்குக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர் ஒருவரோடு தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். முடிந்தால் மழைக்காலத்தில் ஒரு வாரம் டார்மிலேயே தங்கிப் பாருங்கள்.

ஷூ வாங்கும்போது கனமான சாக்ஸைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள், அரை அளவு பெரிதாக எடுங்கள். இறங்கும்போது கால்விரல் முட்டும். சேர்ந்த முதல் மாதம் எனக்கு இரண்டு நகம் போனது அப்படித்தான்.