தகடு இருக்க வேண்டிய இடத்தில் செய்தித்தாள்

என் மாருதி ஆம்னி வேனின் பின்சக்கர வளைவுக்குள்ளிருந்து நேற்றுக் காலையில் ஈரம் சொட்டும் ஒரு செய்தித்தாளை உருவி எடுத்தேன். துருப்பிடித்துப் போன தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கச் சொல்லி, பதினைந்து மாதங்களுக்கு முன் ஒரு பட்டறையில் 22,000 ரூபாய் கொடுத்த இடம் அது. அந்த ஓட்டைக்குள் காகிதத்தைக் கசக்கித் திணித்து, அதன்மேல் பட்டியை, அதாவது மேடு பள்ளம் நிரவும் பசையை அப்பி, உப்புத்தாளால் தேய்த்து, பளபளவென்று வெள்ளைப் பெயிண்டும் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சலை நான் விளக்கத் தேவையில்லை.

போன வாரம் அந்த இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு கொப்புளம் தெரிந்தது. நேற்று வண்டியைக் கழுவும்போது அது நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது. கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். விரல் உள்ளே போயிற்று. தேநீர் நிறத்தில் தண்ணீர் கசிந்தது. விரலை வெளியே இழுத்தபோது உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி பெயர்ந்து காலடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் விரல் தடிமன். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போடக் கூடாத பட்டியை, சுவர் பூசுவதுபோல் பூசியிருக்கிறார்கள். அதன் பின்னால் காகிதம். இழுத்தேன், வந்தது, மறுபடி இழுத்தேன், மறுபடியும் வந்தது. எல்லாம் வந்து முடிந்தபின் அந்த ஓட்டை வழியே டயர் தெரிந்தது. பதினைந்து மாதங்களாக அந்தக் காகிதம் மழை நீரைக் குடித்துக் குடித்து, சுற்றியிருந்த நல்ல தகட்டையும் அரித்துத் தின்றிருக்கிறது.

பட்டித் துண்டையும் காகிதத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு நேரே அந்தப் பட்டறைக்குப் போனேன். "பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும். இது உங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவங்க பண்ண வேலை," என்றார் பட்டறைக்காரர். வண்டியை 2004இல் புதிதாக வாங்கியவன் நான் என்றேன். "அப்ப வேற எங்கயாவது குடுத்திருப்பீங்க," என்றார். நான் பேசவில்லை. அவருடைய மேசைமேலேயே அந்தக் காகிதத்தை மடிப்பு மடிப்பாகப் பிரித்தேன். ஆடித் தள்ளுபடி விளம்பரம், பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்ணின் பாதி முகம், மேல் ஓரத்தில் தேதி: 2024 ஜூலை 28, ஞாயிறு. இரண்டாம் முறை ஆர்.சி. எனும் பதிவுச் சான்றைப் புதுப்பிப்பதற்காக வண்டியை அவரிடம் விட்டிருந்த அதே வாரம். தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பையனைக் கூப்பிட்டுத் தேநீர் வாங்கி வரச் சொன்னார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை.

எங்கள் நாகப்பட்டினத்துக் கடற்காற்றில் இரும்பு எவ்வளவு வேகமாகத் துருவேறும் என்பது இங்கே தொழில் செய்பவருக்குத் தெரியாதா? துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் மேலே எத்தனை பூச்சு பூசினாலும் அடியிலிருந்து தூக்கித் தள்ளிவிடுகிறது. பட்டியோ ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பொருள். வெள்ளைத் தகடு தெரியும்வரை அரைத்து, இற்றுப்போனதை வெட்டி எறிந்து, புதுத் தகட்டைப் பற்றவைத்து, துருவைத் தடுக்கும் எபாக்சி பிரைமர் அடித்து, இணைப்புகளில் நீர் புகாமல் அடைக்கும் சீலர் வைத்து, அதற்குப் பிறகு மேடு பள்ளம் நிரவ மட்டுமே பட்டியைத் தொட வேண்டும். இதற்கு இரண்டு நாள் கூடுதலாகும், பணம் கூடுதலாகும் என்று சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேனே! பெயிண்டுக்கு அடியில் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற அந்த நினைப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"பழைய வண்டி" என்று அவர் சொன்ன தொனி இன்னும் காதில் இருக்கிறது. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து மெத்தை போட்டு, ஒற்றை அடுப்பும் தண்ணீர்க் கேனும் ஏற்றிக்கொண்டு கோடியக்கரைக்கும் தரங்கம்பாடிக்கும் போய் என் பிள்ளைகள் உறங்கிய வண்டி அது. 1984இல் வரத் தொடங்கிய அந்த மாருதி வேனின் உற்பத்தி 2019இலேயே நின்றுவிட்டது. விற்றுவிட்டுப் புதிதாக இன்னொன்று வாங்க வழியில்லாதவன், இருப்பதைக் காப்பாற்றத்தானே பார்ப்பான்?

வீட்டுக்கு வந்ததும் மற்ற இடங்களையும் காந்தம் வைத்துப் பார்த்தேன்; தகட்டில் ஒட்டும், தடித்த பட்டியில் ஒட்டாது. இடப்பக்கப் படிக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குக் காந்தம் ஒட்டவே இல்லை. அங்கே என்ன திணித்திருக்கிறார்களோ! தள்ளுகதவின் அடியில் மழைநீர் வடிவதற்கென்று இருக்கும் துளைகளைப் பெயிண்டாலும் பட்டியாலும் அடைத்தே விட்டிருந்தார்கள். ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒன்றைக் குத்தித் திறந்தேன். பழுப்புத் தண்ணீர் என் மணிக்கட்டு வழியே முழங்கைவரை ஓடிற்று. அடியில் வைத்த வாளியில் கால்வாசி நிறைந்த பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தது.