குளத்தின் உயிர் வாய்க்காலில் இருக்கிறது

கோவை வெள்ளலூர்க் குளக்கரைக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் பட்டாம்பூச்சிப் பூங்காவைச் சுற்றிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, நிறைவோடு வீடு திரும்புகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும், சற்றுத் தள்ளி, குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ராஜவாய்க்காலையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்லுங்கள் என்று தெரிந்தவர்கள் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு வருகிறேன். அந்த வாய்க்கால் அடைபட்டால் இந்தப் பூங்காவுக்கும் வேலை இல்லை.

எங்கள் ஊரில் ஏரி என்று சொல்வதில்லை, குளம் என்போம். வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் உருவாகி வரும் நொய்யலின் குறுக்கே ஆங்காங்கே அணைக்கட்டு கட்டி, அதிலிருந்து வாய்க்கால் பிரித்துக் குளத்தை நிரப்பி, மிஞ்சிய நீரைக் கலிங்கு வழியாக அடுத்த குளத்துக்கோ மீண்டும் ஆற்றுக்கோ அனுப்பும்படி முன்னோர் செய்துவைத்த ஏற்பாடு இது. கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் எல்லாம் இந்த ஏற்பாட்டைச் சேர்ந்தவையே. ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்த பழைய ஊர் வெள்ளலூர். அதன் குளமும் அப்படித்தான் நிரம்பி வந்தது. பின்னர் வாய்க்காலில் புதர் மண்டி, குப்பையும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொள்ள, நொய்யலில் வெள்ளம் ஓடிய ஆண்டுகளிலும் குளம் காய்ந்து, உள்ளே சீமைக்கருவேலம் காடாக வளர்ந்து நின்றது.

2017-இல் பேரூர்ப் பெரியகுளத்தில் ஞாயிற்றுக்கிழமைக் களப்பணியைத் தொடங்கிய கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் வெள்ளலூருக்கு வந்தபோது, கருவேலத்தை அகற்றியதோடு நிற்காமல் ராஜவாய்க்காலைத் தூர்வாரினார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு நொய்யல் நீர் குளத்துக்குள் வந்தது. கரையில் நாட்டு மரங்களை நெருக்கி நட்டு வளர்த்த அடர்வனமும், நூற்றுக்கும் மேற்பட்ட வகைப் பட்டாம்பூச்சிகள் பதிவான பூங்காவும் அதன் பிறகு வந்தவை. இந்த வரிசைதான் என்னைக் கவர்ந்தது. தண்ணீர் முதலில், பூங்கா பிறகு.

நானும் சில ஞாயிறுகள் சென்றிருக்கிறேன். மண்வெட்டி பிடித்துப் பழகாத கை அரை மணி நேரத்தில் கொப்பளித்துவிடும். பக்கத்தில் கல்லூரி மாணவர்களும், பணி ஓய்வு பெற்ற பெரியவர்களும், பிள்ளைகளோடு வந்த தாய்மார்களும் நெகிழிப் பைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அடுத்த வெள்ளத்தில் அதே இடத்தில் மறுபடியும் குப்பை வந்து சேரும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் வாரந்தோறும் வருகிறார்களே, அந்த விடாப்பிடிக்கு நான் தலைவணங்குகிறேன்.

இதை எழுதக் காரணம் உண்டு. குளத்தை மேம்படுத்துவது என்றாலே நடைபாதை, வண்ண விளக்கு, படகுத்துறை என்ற எண்ணம் நம் நகரத்தில் வேரூன்றிவிட்டது. உக்கடம் பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அமைந்த நடைபாதைகளில் மாலையில் ஆயிரக்கணக்கானோர் நடக்கிறார்கள். வயதானவர்களுக்கு அது பெரிய உதவி என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் குளத்தின் ஓரம் என்பது சேறும் கோரையும் கணுக்கால் அளவு தண்ணீருமாகச் சரிந்து இறங்கும் இடம். நாரை நின்று மீன் பிடிப்பது அங்கேதான்; தாழைக்கோழி கூடு கட்டுவது அந்தக் கோரைக்குள்தான். அந்த ஓரத்தைச் சுவராக நிமிர்த்திவிட்டால், நடுவில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் அவற்றுக்கு இடமில்லை. சாக்கடையைத் தடுக்காமல் கரையை மட்டும் அழகுபடுத்தினாலோ, கழிவுநீரில் செழிக்கும் ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடிவிடுகிறது; அதை அள்ளுவதற்கே ஆண்டுதோறும் பணம் போகிறது.

உக்கடம் பெரியகுளத்தை 2013-இல் தூர்வார இந்நகர மக்களே திரண்டு வந்தார்கள். உழைக்க ஆள் இல்லாத ஊர் அல்ல இது. ஆகவே மாநகராட்சியிடம் நான் கேட்பது, எந்தக் குளத்துக்குப் பணம் ஒதுக்கினாலும் அதன் முதல் பகுதியை வாய்க்காலுக்கும், கழிவுநீர் நுழையும் வாய்களை அடைப்பதற்கும் வைக்க வேண்டும். எஞ்சியதில் நடைபாதை போடலாம். ஒரு கரையையாவது கல் பதிக்காமல் பறவைகளுக்கு விட்டுவைக்க வேண்டும்.

தென்மேற்குப் பருவமழை மலையில் பிடித்துவிட்டால் நொய்யலில் தண்ணீர் வர அதிக நாள் ஆகாது. அதற்குள் வாய்க்கால் திறந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் களப்பணிக்கு வர விரும்புகிறவர்கள் முழங்கை வரை மூடும் சட்டையும், சேற்றில் கழலாத காலணியும், குடிக்கத் தண்ணீரும் கொண்டு வாருங்கள். வெயில் ஏறுமுன் தொடங்கிவிடுவது நல்லது.