வாய் திறக்காத பிள்ளைகளைப் பற்றி

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அண்ணன் மகளுக்குப் பன்னிரண்டு வயது. வந்தவர்களைப் பார்த்ததும் அடுக்களைக்குள் போனவள், அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. "பிள்ள நல்ல அடக்கம், இருக்குற இடமே தெரியல" என்று வந்த அம்மா சொல்ல, மயினிக்கு ஒரே பெருமை. நான் உள்ளே போய்ப் பார்த்தேன். தண்ணீர்ச் செம்பைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். இருபது வருடம் அதோடு வாழ்ந்திருக்கிறேன்.

எனக்கும் அடக்கமான பிள்ளை என்றுதான் பெயர். நாகர்கோவிலில் கல்லூரி முடிந்து மார்த்தாண்டம் பஸ்ஸில் வருவேன். வில்லுக்குறிக்கும் தக்கலைக்கும் நடுவே ஒரு சின்ன நிறுத்தம் எங்களுடையது. "ஆள் இறங்கணும்" என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். தோட்டியோடு தாண்டும்போதே நெஞ்சு அடிக்க ஆரம்பித்துவிடும். வேறு யாராவது இறங்கினால் தப்பித்தேன். இல்லாவிட்டால் தக்கலை வரை போய் இறங்கி, புலியூர்க்குறிச்சி வழியாக நடந்தே திரும்புவேன். வீட்டில் பஸ் லேட் என்று சொல்லிவிடுவேன்.

கல்யாண வீட்டுப் பந்தி அதைவிடக் கொடுமை. நம் பக்கத்தில் பாயசத்தை இலையில் விட்டு, பப்படத்தையும் பழத்தையும் பிசைந்து கையால் அள்ளித்தானே சாப்பிட வேண்டும்? எதிர்வரிசையில் இருப்பவர்கள் என் விரல் நடுங்குவதைப் பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, பாயச வாளி வருமுன் எழுந்துவிடுவேன். அன்று ராத்திரி தூக்கமும் வராது. யார் என்ன நினைத்திருப்பார்கள் என்று ஒவ்வொரு முகமாக ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்குச் சமூகப் பதற்ற நோய் என்று ஒரு பெயர் இருப்பதே முப்பத்தொன்றாவது வயதில்தான் எனக்குத் தெரிந்தது. 1980இலேயே அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் தனி நோயாகச் சேர்த்துவிட்டார்கள். பெரும்பாலும் அண்ணன் மகளான என் மருமகளின் வயதை ஒட்டித்தான் தொடங்குகிறது. கூச்சம் யாருக்குத்தான் இல்லை? மாதக்கணக்கில் விடாமல் நீடித்து, படிப்பையும் வேலையையும் உறவையும் கெடுக்கும்போதுதான் அதை நோய் என்கிறார்கள். தனியாக இருக்கப் பிடிக்கும் பிள்ளைகளை இதில் சேர்க்காதீர்கள், அது சுபாவம். பேச ஆசையிருந்தும் தொண்டை அடைத்துப்போகிற பிள்ளையைத்தான் சொல்கிறேன்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எடுத்துவிட்டு, பெயர் கூப்பிடுமுன் இரண்டு தடவை திரும்பி வந்திருக்கிறேன். மூன்றாம் தடவை உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் மாத்திரை எழுதினார். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நீயாக நிறுத்தக் கூடாது என்றார். மாத்திரை உதவியது. ஆனால் என்னை மாற்றியது அதோடு நடந்த பேச்சுவழிச் சிகிச்சை. சிபிடி என்கிறார்கள், பயத்தை வளர்க்கும் நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்குவது. ஆலோசகர் என்னை இரண்டு நிமிடம் பேசவைத்து மொபைலில் பதிவு செய்தார். போட்டுக் காட்டுமுன், "எப்படித் தெரிவீங்கன்னு நினைக்கீங்க?" என்று கேட்டார். முகமெல்லாம் வியர்த்து, குரல் நடுங்கி, உளறிக்கொண்டு இருப்பேன் என்றேன். வீடியோவில் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிற ஒரு பெண் இருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1995இல் இதை விளக்கியிருக்கிறார்கள். பயம் வந்ததும் கவனம் முழுவதும் உள்ளே திரும்பிவிடுகிறது. நெஞ்சு படபடப்பதை வைத்தே, வெளியே நாம் எப்படித் தெரிகிறோம் என்று மனது ஒரு படம் வரைந்துகொள்கிறது. எதிரே இருப்பவரை நாம் பார்ப்பதே இல்லை. மொபைலுக்குள் தலையைக் கவிழ்ப்பது, சொல்லப்போவதை மனதுக்குள் ஓட்டிப்பார்ப்பது, பந்தியிலிருந்து எழுந்துவிடுவது எல்லாம் அந்த நேரத்துக்குக் காப்பாற்றும், பயத்தை மட்டும் அப்படியே வைத்திருக்கும்.

அதனால் ஒவ்வொரு படியாக ஏறினேன். வடசேரி கனகமூலம் சந்தையில் மட்டிப்பழம் விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்வது முதல் படி. அதற்கே மூன்று வாரம். அப்புறம் பஸ். எட்டு மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் பாயசம் சாப்பிட்டேன். கை நடுங்கத்தான் செய்தது. இந்தத் தடவை தலையைத் தூக்கிப் பார்த்தேன். எதிரே இருந்த பாட்டி, பப்படம் விளம்புகிறவரைத் தேடிக்கொண்டிருந்தார்.

பெற்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். விருந்தாளி முன்னால் நிறுத்தி "பாட்டுப் பாடு மக்ளே" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். "வாயில என்ன கொழுக்கட்டையா" என்று கேட்காதீர்கள். அடக்கம் என்று புகழ்ந்து அடுக்களையிலேயே விட்டுவிடவும் செய்யாதீர்கள், அதுதான் எனக்கு நடந்தது. ஆம்பிளைப் பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். நாலு பேர் கூடுகிற இடத்துக்குக் குடிக்காமல் போக முடியாதவர்களை எனக்குத் தெரியும். ஊரே அவர்களைக் குடிகாரன் என்கிறது, பயந்தவன் என்று யாருக்கும் தெரியாது. நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416க்குப் போன் பண்ணலாம். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மயினியிடம் பேசிவிட்டேன். முதலில் கோபப்பட்டார், அப்புறம் "எனக்கும் சின்னதுல இப்படித்தான் இருந்துது" என்றார். வருகிற சனிக்கிழமை மருமகளை வடசேரிக்குக் கூட்டிப்போகிறேன். திரும்பும்போது எங்கள் நிறுத்தத்தில் யார் சத்தம் கொடுப்பது என்று நேற்று இருவரும் பேசினோம். இந்த வாரம் நான், அடுத்த வாரம் அவள்.