சேவை கலையைத் தின்றுவிடுமா?
நீண்ட காலம் வாழ்ந்த ஓர் ஓவியரைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். அவர் ஊர்ப்பணியில் செலவிட்ட நேரத்தை எல்லாம் கலைக்குக் கொடுத்திருந்தால் இன்னும் பெரிய ஆளாகியிருப்பார் என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த சிற்பி ரூத் அசாவாவை (1926–2013) எடுத்துக்கொள்ளுங்கள், ஆறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே கம்பியை வளையம் வளையமாகப் பின்னித் தொங்கும் சிற்பங்கள் செய்தவர், 1968-ல் மற்றவர்களோடு சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்கான கலைப் பட்டறையைத் தொடங்கி அங்கே மாவு, உப்பு, தண்ணீர் மூன்றையும் பிசைந்து உருவங்கள் செய்யச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் அதே மாவுப் பிசையலைத்தான் நகரின் புகழ்பெற்ற நீரூற்றுக்கும் பயன்படுத்தினார். குழந்தைகள் உட்படப் பலர் கைகளால் உருட்டி ஒட்டிய சின்னச் சின்ன மனிதர்களும் வீடுகளும் வெண்கலத்தில் வார்க்கப்பட்டு இன்றும் அங்கே இருக்கின்றன. இதில் எது சேவை, எது கலை என்று எப்படிப் பிரிப்பது? நானும் வார இறுதிகளில் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுக்கிறேன், அவர்கள் அழிப்பானைத் தேடாமல் பயமில்லாமல் இழுக்கும் கோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் என் கையின் இறுக்கமே தளர்ந்தது. அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர் "ஓய்வுக்குப் பிறகு சேவை செய்யலாமே" என்று எழுதியிருக்கிறார், ஆனால் அசாவா பட்டறையைத் தொடங்கியது நாற்பதுகளின் தொடக்கத்தில், வேலை மும்முரமாக இருந்த வயதில்.