சாம்பியன் பட்டத்துக்குச் சலுகை அடிகள் வேண்டாம்

எங்கள் கோல்ஃப் கிளப்பின் ஆண்டு சாம்பியன்ஷிப்பை இந்த முறை ஸ்டேபிள்ஃபோர்ட் புள்ளிக் கணக்கில், ஹேண்டிகேப் சலுகையுடன் (திறமை குறைந்தவருக்குக் கூடுதல் அடிகளைக் கழித்துக்கொடுக்கும் ஏற்பாடு அது) நடத்தலாம் என்று போட்டிக்குழுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது. இரண்டு நாள், 36 குழி, ஒவ்வோர் அடியையும் எண்ணும் ஸ்ட்ரோக் பிளே முறை பலரையும் பயமுறுத்துகிறது, கோப்பையும் எப்படியும் அதே நான்கைந்து பேருக்குள்தான் சுற்றி வருகிறது, அப்படியிருக்க மற்றவர்கள் எதற்காகப் பெயர் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. இந்த யோசனையை நான் எதிர்க்கிறேன். என் ஹேண்டிகேப் 19. முறை மாறினால் ஆதாயம் அடையக்கூடியவர்களில் நானும் ஒருவன் என்பதையும், பழைய முறையே நீடித்தால் வெற்றியாளர்கள் பலகையில் என் பெயர் ஒருநாளும் ஏறாது என்பதையும் அறிந்தேதான் இதை எழுதுகிறேன்.

ஹேண்டிகேப் முறையின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அது இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு ஆடுவதற்கு நல்ல ஆட்டக்காரர் எவரும் வரமாட்டார். 2020-இல் உலகம் முழுவதற்குமான ஒரே ஹேண்டிகேப் முறை நடைமுறைக்கு வந்த பிறகு, கடைசி 20 சுற்றுகளில் மிகச் சிறந்த 8 சுற்றுகளின் சராசரியிலிருந்துதான் ஒருவருடைய எண் கணக்கிடப்படுகிறது. அதாவது, அது நம் சராசரி ஆட்டத்தைச் சொல்லும் எண் அல்ல. நம்முடைய நல்ல நாட்களின் சராசரியைச் சொல்லும் எண். அந்த எண்ணை மைதானத்தின் கடினத்தைக் காட்டும் ஸ்லோப் மதிப்போடு சேர்த்துக் கணக்கிட்டு, இன்று இந்த மைதானத்தில் உங்களுக்கு இத்தனை அடிகள் சலுகை என்று தருகிறார்கள். எனவே சலுகை அடிகளைக் கழித்த நெட் கணக்கில் முதலிடம் பெறுபவர், அந்த நாளில் தன் வழக்கமான ஆட்டத்தை மற்ற எவரைக் காட்டிலும் அதிகமாக மிஞ்சியவர். அது பாராட்டுக்குரியது, பரிசுக்கும் உரியது. ஆனால் கிளப்பில் மிகச் சிறப்பாக ஆடியவர் யார் என்ற கேள்விக்கு அது விடை ஆகாது. ஆண்டு முழுவதும் நடக்கும் மற்றப் போட்டிகள் எல்லாம், தன் வழக்கமான ஆட்டத்தை அதிகமாக மிஞ்சியவர் யார் என்றுதான் கேட்கின்றன. மிகச் சிறப்பாக ஆடியவர் யார் என்று கேட்பதற்கு நமக்கு இருப்பது இந்த ஒரு போட்டி மட்டுமே.

விதிகளை வகுப்பவர்களும் இந்த வேறுபாட்டை அறிந்தே வைத்திருக்கிறார்கள். 2022-இல் நடைமுறைக்கு வந்த அமெச்சூர் (தொழில்முறையல்லாத ஆட்டக்காரர்) தகுதி விதிகளின்படி, சலுகை இல்லாத ஸ்கிராட்ச் போட்டியில் அமெச்சூர் ஆட்டக்காரர் ஒரு வரம்புக்குள் பணப்பரிசு பெறலாம். ஹேண்டிகேப் போட்டியில் பணமாக எதுவும் பெறக்கூடாது. சலுகை எண்ணைக் கொஞ்சம் ஊதிப் பெருக்கி வைத்துக்கொண்டு பெரிய போட்டிக்கு வந்து சேரும் புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் உண்டு என்பதை அவர்களும் பார்த்திருப்பார்கள்.

ஸ்டேபிள்ஃபோர்ட் முறையும் எனக்குப் பிடித்ததுதான். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற மருத்துவர் வகுத்த இந்த முறையில் 1932-இல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் போட்டி நடந்தது. சலுகை போக பார் (அந்தக் குழிக்கு வகுத்த அடி எண்ணிக்கை) எடுத்தால் 2 புள்ளி, ஓர் அடி கூடினால் 1, இரண்டு கூடினால் பூஜ்யம். பங்கர் என்ற மணல் பள்ளத்தில் சிக்கி ஒன்பது அடி அடித்தாலும் போவது அந்தக் குழியின் புள்ளிகள் மட்டுமே. பந்தைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கான முதல் அடியை அடிக்கும் டீக்கு மனநிம்மதியோடு நடக்கலாம். வாரக்கடைசி ஆட்டத்துக்கு இதைவிடக் கருணையான ஏற்பாடு இல்லை. ஆனால் சாம்பியன்ஷிப்பில் சோதிக்கப்படுவது, அந்த ஒன்பதையும் ஸ்கோர் கார்டில் எழுதிக்கொண்டு, அதன் கனத்தோடு மீதிக் குழிகளை எப்படி ஆடுகிறோம் என்பது. அந்தச் சோதனையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இன்னொரு ஞாயிற்றுக்கிழமைதான்.

சென்ற ஆண்டு எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் நாள், பதினான்காவது குழி. நெட் பரிசுக்கான வரிசையில் நான் இரண்டாம் இடத்தில் இருந்தேன்; என் வாழ்க்கையில் அதற்கு முன் அப்படி ஓர் இடத்தில் இருந்ததில்லை. பந்தைக் குழியை நோக்கி உருட்டும் பட், அதில் நீண்டதாக ஒன்றை அடித்தேன்; பந்து குழியைத் தாண்டி ஒரு சாண் தூரத்தில் நின்றது. நான் நடந்து சென்று, பட்டர் மட்டையின் பின்பக்கத்தால் பந்தை என் பக்கம் இழுத்து, குனிந்து எடுத்துவிட்டேன். வாராவாரம் நண்பர்கள் “எடுத்துக்கோங்க, கொடுத்தாச்சு” என்று, அதாவது பந்து விழுந்ததாகவே வைத்துக்கொள்ளலாம் என்று, சொல்லிச் சொல்லிக் கைக்குப் பழகிப்போன காரியம் அது. என்னோடு ஆடியபடி என் கார்டை எழுதிவந்தவர் அந்த நேரத்தில் தன் பட்டுக்கான வழியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்தாவது டீயில் இருவரும் அடித்துவிட்டு நடக்கத் தொடங்கிய பிறகுதான், கார்டும் பென்சிலுமாக என்னைப் பார்த்து, “சார், பதினாலுல அந்தக் கடைசி பட் போட்டீங்களா?” என்று கேட்டார்.

போடவில்லை. ஸ்ட்ரோக் பிளேயில் பந்து குழிக்குள் விழுந்தே தீர வேண்டும். அடுத்த டீயில் அடிப்பதற்கு முன் நினைவு வந்திருந்தால், ஓர் அடி தண்டத்தோடு பந்தைப் பழைய இடத்தில் வைத்து, அந்த ஒரு சாண் பட்டைப் போட்டு முடித்திருக்கலாம். அடித்துவிட்ட பிறகு தகுதி நீக்கம் தவிர வேறு வழி இல்லை. மேட்ச் பிளேயில் எதிராளி ஒருவர் மட்டுமே என்பதால் அவர் விட்டுக்கொடுக்கலாம். ஸ்ட்ரோக் பிளேயில், நான்கு குழிக்கு அப்பால் நமக்குத் தெரியாமல் ஆடிக்கொண்டிருப்பவர்களும் நம் எதிராளிகள்தாம்; அவர்கள் சார்பில் விட்டுக்கொடுக்க எவருக்கும் உரிமை இல்லை. மிச்சமிருந்த குழிகளை அவருடைய கார்டை எழுதுவதற்காகவே நடந்தேன். அன்று மாலை எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் விதி கொடுமையானது என்று ஒரு கணமும் தோன்றவில்லை.

இதைவிடப் பெரிய இழப்புகளை இந்த ஆட்டம் கண்டிருக்கிறது. 1968 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ பதினேழாவது குழியில் மூன்று அடிகள் எடுத்தார். கார்டை எழுதிய சக ஆட்டக்காரர் நான்கு என்று குறித்துவிட்டார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்திட்டார். கையெழுத்திட்ட பிறகு கூடுதல் எண்ணே நிற்கும் என்பது விதி. அன்றைய மொத்தம் 65 என்பது 66 ஆனது. பாப் கோல்பியோடு சமநிலையில் முடிந்து, வெற்றியாளரைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃபுக்குப் போயிருக்க வேண்டியவர் ஓர் அடியில் தோற்றார். அன்று அவருக்குப் பிறந்தநாள். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் முன், 1925 அமெரிக்க ஓப்பனில், அமெச்சூராகவே கடைசிவரை ஆடிய பாபி ஜோன்ஸ், புல்லில் கிடந்த தன் பந்து அசைந்ததாகத் தானே சொல்லி ஓர் அடி தண்டம் ஏற்றுக்கொண்டார். வேறு எவரும் அதைப் பார்க்கவில்லை. முடிவில் சமநிலையாகி, பிளே-ஆஃபில் தோற்றார். புள்ளிகளும் சலுகைகளும் கலந்த கணக்கில் ஓர் அடிக்கு இந்தப் பெறுமானம் வராது.

ஆட்களின் எண்ணிக்கை குறைகிறது என்ற கவலை நியாயமானது; அதற்கு மருந்து வேறு இருக்கிறது. பட்டத்துக்கான முதல் பிரிவைச் சலுகை கழிக்காத கிராஸ் ஸ்கோரில், முழு ஸ்ட்ரோக் பிளேயாகவே வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் போன்றவர்களுக்கு ஹேண்டிகேப் வாரியாகத் தனிப் பிரிவுகளை அமைத்து, அதே இரண்டு நாட்களில் நெட் பரிசுகளைக் கொடுங்கள். மெதுவாக ஆடுகிறார்கள் என்பது குறை என்றால், 2019 விதிகளில் சேர்க்கப்பட்ட அதிகபட்ச ஸ்கோர் முறையை அந்தப் பிரிவுகளுக்குக் கொண்டுவரலாம்: ஒரு குழிக்கு பாரின் இரு மடங்கு என்று உச்சவரம்பு வைத்தால், பத்தாவது அடிக்கும் பதினோராவது அடிக்கும் பின்னால் வருபவர்கள் காத்து நிற்க வேண்டியதில்லை. தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடம்தான் என்ற விதியையாவது இந்த ஆண்டு கண்டிப்பாக அமல்படுத்துங்கள். ஐந்து நிமிடம் என்ற பழைய நினைவிலேயே பாதிப் பேர் புதருக்குள் உலாவிக்கொண்டிருக்கிறார்கள்.

அதே நான்கைந்து பேர்தான் வெல்கிறார்கள் என்றால், அவர்கள்தான் நன்றாக ஆடுகிறார்கள். அந்தப் பலகையை மாற்ற விரும்பும் இளைஞர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் புள்ளி முறையைக் கேட்கவில்லை, இருட்டும் வரை பயிற்சிக் கிரீனில் நிற்கிறார்கள்.

நானும் இந்த ஆண்டு பெயர் கொடுத்திருக்கிறேன். இரண்டு மாதமாக வாரக்கடைசி ஆட்டத்தில் எவர் “கொடுத்தாச்சு” என்றாலும் கேட்பதில்லை. ஒரு சாண் பட்டையும் நின்று, குறிபார்த்து, உள்ளே போட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். என்னோடு ஆடுபவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கிறது என்று தெரிகிறது. நேற்று அப்படி ஒன்றைத் தவறவும் விட்டேன்.